ஃப்ளைட் சிமுலேட்டருக்கு 16 ஜிபி ரேம் போதுமா, 32 வேணுமா, 64 வீணா? காரைக்குடியில ரெண்டு பெட்டிய பிரிச்சுப் பார்த்த கதை

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை எங்க அக்கா மகன் சிபியு பெட்டிய டிவிஎஸ் எக்ஸ்எல்லுல முன்னாடி வச்சு ஒரு காலால அணைச்சுக்கிட்டே செஞ்சையிலேர்ந்து எங்க வீட்டுக்கு வந்து எறங்குனான். தண்ணி கூட குடிக்கல, "மாமா ரேம் 16 ஜிபி பத்தல, 32 போட்டாத்தான் ஆகும்னு எல்லாரும் சொல்றாய்ங்க, அம்மாகிட்ட நீங்கதான் பேசணும்"ங்கிறான். என்னடா பிரச்சனைன்னா, கம்ப்யூட்டர்ல விமானம் ஓட்டுற மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2020ல லண்டன்ல எறங்கப் போற நேரம் பார்த்து பொசுக்குன்னு டெஸ்க்டாப்புக்கு வந்து நிக்குதாம், ஒரு எரர் கூட இல்லாம.

அதே வாரம் தேவகோட்டையிலேர்ந்து ஒரு அய்யா போன் பண்ணுனாக. மலேசியாவுல முப்பது வருசம் இருந்துட்டு வந்தவுக, கண்ணு நல்லா இருக்கையில ஏரோபிளேன் ஓட்டிப் பார்த்துரணும்னு ஒரு ஆசை, அதுக்குன்னே மகன் அனுப்புன காசுல 64 ஜிபி போட்ட புதுப் பெட்டி, பெரிய ஃபோர்கே டிவி, ஜாய்ஸ்டிக், பெடல் எல்லாம் வாங்கி பட்டாலை ஹால்ல வச்சிருக்காக. அவுக ஓட்டுறது எக்ஸ்பிளேன் 12ங்கிற இன்னொரு சிமுலேட்டர். "தம்பி, காசு அம்புட்டும் போட்டாச்சு, திருச்சியில எறங்கப் போனா தரையெல்லாம் சோப்புத் தண்ணி ஊத்துன கண்ணாடி மாதிரி மங்கிப் போகுது, வந்து பாரு"ன்னாக.

16 வச்சவனுக்கு கிராஷ் ஆகுது, 64 வச்சவுகளுக்கு மங்குது. ரெண்டையும் பிரிச்சுப் பார்த்ததுல நான் புரிஞ்சுக்கிட்டத இங்கன எழுதுறேன், ஏன்னா "எத்தன ஜிபி வாங்கலாம்"னு எங்கிட்ட கேக்குற ஆளுங்க ஜாஸ்தி, எது நெறஞ்சு வழியுதுன்னு பார்த்துட்டு வந்து கேக்குறவங்க ஒருத்தரும் இல்ல.

மொதல்ல கம்பெனிக்காரன் சொல்ற கணக்கு. 2020 ஆகஸ்ட்ல வந்த மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டருக்கு குறைஞ்சது 8 ஜிபி, சிபாரிசு 16, ஐடியல்னு போட்டது 32. 2024 நவம்பர்ல வந்த அடுத்த வெர்ஷனுக்கு அப்படியே ரெட்டிப்பு, 16, 32, 64. எக்ஸ்பிளேன் 12க்கு குறைஞ்சது 8, சிபாரிசு 16லேர்ந்து 24, முடிஞ்சா அதுக்கும் மேல. இதுல "குறைஞ்சது"ன்னு போட்டத நம்பி எறங்குனா மெனு வரும், செஸ்னாங்கிற சின்ன விமானம் ஸ்டார்ட் ஆகும், அதுக்கு மேல பொறுமை உங்க பொறுப்பு. "ஐடியல்"ங்கிறது கிராஃபிக்ஸ் செட்டிங்ல எல்லா ஸ்லைடரையும் வலது பக்கம் தள்ளிட்டு உக்காந்திருக்கவனுக்கு. நம்ம சண்டையெல்லாம் நடுவுல இருக்கதுக்குத்தான்.

ரேம்னா என்னன்னு அக்கா கேட்டுச்சு, அதுக்கு நான் சொன்னத இங்கயும் சொல்லிர்றேன், பின்னாடி உதவும். நம்ம பக்கத்து கல்யாண வீடு இருக்குல்ல, உக்கிராண அறையில சாமான் எல்லாம் அடுக்கியிருக்கும், அதான் எஸ்எஸ்டி, ஃபைல் எல்லாம் இருக்க டிஸ்க். பந்தி நடக்குற கட்டுதான் ரேம், ஒரே நேரத்துல எத்தன இலை போட முடியுங்கிறதுதான் அதோட அளவு. பந்தி நெறஞ்சு போச்சுன்னா சாப்புட்டு முடிச்சும் கதை பேசிக்கிட்டு இருக்கவங்கள கைய புடிச்சு திண்ணையில உக்கார வச்சுட்டு புதுசா வந்தவுகளுக்கு இலை போடுவோம், அந்தத் திண்ணைதான் பேஜ்ஃபைல், ரேம் பத்தலன்னா விண்டோஸ் எஸ்எஸ்டியில ஒதுக்கி வச்சுக்கிற இடம். திண்ணையில உக்காந்தவருக்கு திரும்பவும் பாயசம் வேணும்னா எழுந்து வரணும், வரவரைக்கும் பரிமாறுறவன் நிக்கணும், அந்த நிக்கிற அரை செகண்டுதான் ஸ்கிரீன்ல நமக்கு ஒரு ஒதறலா தெரியுது.

இப்ப பையன் பெட்டிக்கு வருவோம். ரைசன் 5 5600 சிபியு, ஆர்எக்ஸ் 6600 கிராஃபிக்ஸ் கார்டு, அதுல 8 ஜிபி விரேம்னு கார்டுக்குன்னே தனி மெமரி, ரேம் 16 ஜிபி டிடிஆர்4 ஒரே ஸ்டிக்கா. திறந்து டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ், மெமரின்னு போனா "இன் யூஸ்" 13 சொச்சம்தான் காட்டுது, 16ல 13, இன்னும் இடம் இருக்கு, அப்பறம் ஏன் விழுது? அங்கதான் எல்லாரும் ஏமாந்து போறது. அதுக்குக் கீழயே "கமிட்டட்"னு ஒரு வரி இருக்கும், ஒரு கோடு போட்டு ரெண்டு நம்பர். மொத நம்பர் எல்லா புரோகிராமும் சேர்ந்து "எனக்கு இவ்ளோ வேணும்"னு எழுதி வாங்கிக்கிட்டது, ரெண்டாவது விண்டோஸால மொத்தமா குடுக்க முடிஞ்சது, அதாவது ரேமும் பேஜ்ஃபைலும் சேர்த்து. பையன் பெட்டியில ரெண்டாவது நம்பர் 15.9. அப்படின்னா பேஜ்ஃபைலே இல்ல! அசெம்பிள் பண்ணிக் குடுத்த கடையில "எஸ்எஸ்டி ஆயுசு குறைஞ்சுரும் தம்பி"ன்னு சொல்லி ஆஃப் பண்ணி விட்டிருக்காய்ங்க. பந்தி நெறையிறதுக்கு முன்னாடியே எழுதி வாங்குன டோக்கன் தீந்து போச்சு, திண்ணையையும் இடிச்சாச்சு, அடுத்து ஒருத்தர் வந்து இலை கேட்டா கல்யாணமே நிக்க வேண்டியதுதான்.

பேஜ்ஃபைல சிஸ்டமே பார்த்துக்கட்டும்னு மாத்தி ரீஸ்டார்ட் பண்ணுனேன். கிராஷ் நின்னு போச்சு. செலவு சைபர். பையன் முகத்துல சந்தோசத்தவிட ஏமாத்தம்தான் ஜாஸ்தியா இருந்துச்சு, 32 கை நழுவிப் போயிருச்சேன்னு.

ஆனா அவன் சொல்றதுலயும் நியாயம் இருந்துச்சு, கிராஷ் நின்னாலும் லண்டன் மேல ஒதறல் நிக்கல. சரி இவ்ளோ தூரம் வந்தாச்சு, என் மெஷின்லேர்ந்து ரெண்டு 8 ஜிபி ஸ்டிக்க கழட்டி அவன் பெட்டியில போட்டு ஓட்டிப் பார்ப்போம், அப்பறம் ஆபீஸ்ல ஒரு நண்பர்கிட்ட ரெண்டு 16 இரவல் வாங்கி அதையும் பார்ப்போம்னு முடிவு பண்ணுனோம். அதாவது ஒத்த 16, எட்டும் எட்டும் பதினாறு, பதினாறும் பதினாறும் முப்பத்திரெண்டு. ரூட் ரெண்டு. ஒண்ணு திருச்சி ஏர்போர்ட்லேர்ந்து செஸ்னா 172ல கிளம்பி நேரா தெக்க, கானாடுகாத்தான் பக்கத்துல செட்டிநாட்டுல ரெண்டாம் உலகப்போர் காலத்துல போட்ட அந்தப் பழைய ஓடுதளம் இருக்குல்ல, அது வரைக்கும், ஒரு 65 கிலோமீட்டர் வரும். இன்னொண்ணு லண்டன் ஹீத்ரோவுல ஃப்ளைபைவயர்காரங்க இலவசமா குடுக்குற ஏ320ல எறங்குறது.

செட்டிநாட்டு ரூட்ல மூணுக்கும் கண்ணுக்குத் தெரியுற மாதிரி வித்தியாசமே இல்லங்க. கண்மாயும் கருவேலமும் பொட்டலும்தான கீழ, கட்டடம் கம்மி, ஏர்போர்ட் கம்மி, செஸ்னாவுல ஸ்கிரீன் கம்மி. 16 ஜிபியே சொகமா போகுது, பின்னாடி குரோம்ல பாட்டு ஓடிக்கிட்டு இருந்தாலும். (பையனுக்கு இந்த ஓடுதளம் மேல ஒரு தனிப் பாசம், சேட்டிலைட் படத்துல கோடு மங்கலா தெரியுது, அதுல எறக்கிருவேன்னு மூணு தடவ முயற்சி பண்ணி ரெண்டு தடவ முள்ளுக்குள்ள போயிட்டான்.)

லண்டன்ல கதையே வேற. வீடு வீடா முப்பரிமாணத்துல எடுத்து வச்ச நகரம், பெரிய ஏர்போர்ட், ஏர்பஸ் காக்பிட்ல ஆறு ஸ்கிரீன், அது போக மத்த விமானங்க. ஒத்த 16 ஸ்டிக்குல கேமராவ திருப்புனாலே ஒரு இழுப்பு. எட்டும் எட்டும் போட்டதும், கவனிங்க, அளவு அதே 16தான், அந்த இழுப்புல நல்ல பங்கு கொறஞ்சிருச்சு. காரணம் சேனல், ரேமுக்கும் சிபியுவுக்கும் நடுவுல உள்ள பாதை. டிடிஆர்4 3200 ஒரு ஸ்டிக் செகண்டுக்கு 25.6 ஜிபி குடுக்கும், ரெண்டு ஸ்டிக்க சரியான ஸ்லாட்டுல போட்டா 51.2. சிமுலேட்டர் வேலைல பெரும்பகுதிய சிபியுவோட ஒரு கோரே முக்கி முக்கி செய்யும், அதுக்குத் தீனி தள்ளுற வாசல் ஒத்தக் கதவா ரெட்டக் கதவாங்கிறது இங்க ரொம்பத் தெரியும். சரியான ஸ்லாட்டுன்னா நாலு ஸ்லாட் போர்டுல சிபியுவிலேர்ந்து எண்ணுனா வழக்கமா ரெண்டாவதும் நாலாவதும், பக்கத்துப் பக்கத்துல போட்டுட்டு டூயல் சேனல்னு நெனச்சுக்கிட்டு இருக்க ஆளுங்கள நான் நெறைய பார்த்திருக்கேன். அதோட பயாஸ்ல எக்ஸ்எம்பி (ரேம அதுல போட்டிருக்க வேகத்துல ஓட வைக்கிற செட்டிங்) ஆன் பண்ணிருக்கான்னு பாருங்க, இல்லன்னா 3200 காசு குடுத்து வாங்குனது 2133லயோ 2400லயோ ஓடிக்கிட்டு இருக்கும். டாஸ்க் மேனேஜர்லயே ஸ்பீடுன்னு காட்டும், ஒரு நிமிச வேலை.

அப்பறம் ரெண்டு 16. ஆவரேஜ் ஃப்ரேம் ரேட், அதாவது செகண்டுக்கு எத்தன படம் வருதுங்கிறது, எட்டும் எட்டும் போட்டதுக்கும் இதுக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான், இத நான் அடிச்சு சொல்லுவேன், 32 போட்டா ஃப்ரேம் ஏறும்னு எதிர்பார்த்து வாங்காதீங்க. மாறுனது வேற. ஆல்ட் டேப் அடிச்சு வேற விண்டோவுல ஏர்போர்ட் சார்ட் பார்த்துட்டு திரும்பி வந்தா முன்ன ரெண்டு மூணு செகண்ட் தவிக்கும், அது போச்சு. ஒரு மணி நேரம் பறந்துட்டு பெரிய ஊருக்குள்ள எறங்குறப்ப வர்ற தொடர் ஒதறல் போச்சு. டிஸ்கார்டு, குரோம், மேப் சாஃப்ட்வேர் எதையும் மூடிட்டு வரவேண்டியதில்ல. விண்டோஸும் குரோமும் சேர்ந்தே நாலஞ்சு ஜிபிய எடுத்துக்குதே, 16ல அத கழிச்சுட்டா சிமுலேட்டருக்கு மிச்சம் 11, இதுதான் 16 ஜிபிக்காரனோட உண்மையான கணக்கு.

இங்க ஒரு விசயம் சொல்லணும். 32 போட்டதும் டாஸ்க் மேனேஜர்ல மொத்த உபயோகம் 20ஐ தாண்டிப் போச்சு. உடனே பையன் "பார்த்தீங்களா மாமா, 20 வேணும்னு அதுவே சொல்லுது, 16ல எப்படி ஓடும்"ங்கிறான். இல்லடா. இடம் இருக்குன்னு தெரிஞ்சா எடுத்து வச்சுக்கும், பழைய டெக்ஸ்சர (தரை, கட்டடம் மேல ஒட்டுற படம்) தூக்கிப் போடாம வச்சிருக்கும், இல்லாட்டி சுருக்கிக்கும். சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவுக மாதிரி, ரூம் ரெண்டு குடுத்தா ரெண்டுலயும் பெட்டி வைப்பாக, ஒண்ணு குடுத்தா ஒண்ணுலயே படுத்துக்குவாக. அதனால 64 வச்சவன் "எனக்கு 40 ஜிபி எடுக்குது"ன்னு போடுற ஸ்கிரீன்ஷாட்ட பார்த்து யாரும் பயப்படாதீங்க. இதுக்கு நல்ல சாட்சி டிவியில மாட்டி விளையாடுற கேம் பெட்டி எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ். அதுல மொத்தமே 10 ஜிபி, சிபியுவுக்கும் கிராஃபிக்ஸுக்கும் சேர்த்து! 2021 ஜூலைல அதுல சிமுலேட்டர் வந்தப்ப கூடவே பிசிக்கும் சிம் அப்டேட் 5ன்னு ஒண்ணு விட்டாங்க, பிசியிலயும் மெமரி தின்னுறது நல்லாவே கொறஞ்சுது. என்ன, எக்ஸ்பாக்ஸ்ல விண்டோஸ் இல்ல, குரோம் இல்ல, நீங்க இஷ்டத்துக்கு ஏத்துற ஆடான் (கூடுதல் விமானம், ஏர்போர்ட் மாதிரி) முக்காவாசி இல்ல. பறக்க மட்டும் ஆசை, பெட்டியோட மல்லுக்கட்ட ஆசை இல்லங்கிறவுகளுக்கு அது ஒரு கெட்ட முடிவு இல்ல, நம்ம ஊர்ல டிவி எப்படியும் எல்லார் வீட்லயும் இருக்கு.

8 ஜிபி பத்தி ரெண்டு வரி போதும். பழைய லேப்டாப்புல 8தான் இருக்குன்னா ஃப்ளைட்கியர்ங்கிற சிமுலேட்டர் இலவசம், அத போட்டுப் பழகுங்க, எக்ஸ்பிளேன் டெமோ போட்டு செட்டிங்க கொறச்சுப் பாருங்க. மைக்ரோசாஃப்ட் 2020 வேணும்னா திறந்து பார்த்துட்டு மூடலாம், 2024 நெனைக்கவே வேணாம். கார்டு தனியா இல்லாத லேப்டாப்புன்னா இன்னும் மோசம், அந்த 8லேர்ந்துதான் கிராஃபிக்ஸும் பிச்சு எடுத்துக்கும்.

பழைய ஆளுங்களுக்கு இந்த இடத்துல மைக்ரோசாஃப்டோட பழைய ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ், அதான் எஃப்எஸ்எக்ஸ், ஞாபகம் வரும். 2006ல வந்தது, நான் காலேஜ்ல ஓட்டுனது அதான். 32 பிட் புரோகிராம், பெட்டியில நீங்க 16 வச்சாலும் 32 வச்சாலும் அதால 4 ஜிபிக்கு மேல எட்டிப் பிடிக்கவே முடியாது. நல்ல விமானம், நல்ல ஏர்போர்ட், மேகம் எல்லாம் ஆடான் வாங்கிப் போட்டு நாலு மணி நேரம் பறந்து எறங்கப் போறப்ப எஃப்எஸ்யூஐபிசிங்கிற துணை புரோகிராம் "டிங், டிங்"னு மணி அடிக்கும், அந்த மணி சத்தம் கேட்டா இன்னும் கொஞ்ச நேரத்துல அவுட் ஆஃப் மெமரின்னு அர்த்தம், நாலு மணி நேரம் அம்போ. அந்தக் காயம் இருக்கவங்கதான் இன்னைக்கும் "மெமரி எவ்ளோ முடியுமோ அவ்ளோ போடு"ன்னு சொல்றது. இப்ப உள்ளதெல்லாம் 64 பிட், அந்த 4 ஜிபி சுவர் போயி ரொம்ப வருசமாச்சு, ஆனா பயம் மட்டும் பரம்பரை பரம்பரையா எறங்கிக்கிட்டு இருக்கு.

இனி தேவகோட்டை. போனதும் அய்யா காபி குடுக்கச் சொல்லிட்டு உக்கார வச்சு ஓட்டிக் காமிச்சாக. ஆத்தங்குடிக் கல்லு போட்ட பட்டாலை, மேல பர்மாத் தேக்கு, நடுவுல 55 இஞ்ச் டிவியில போயிங் காக்பிட். பார்க்க அம்சமாத்தான் இருந்துச்சு, புதுக்கோட்டை தாண்டுற வரைக்கும். அப்பறம் வயல், வீடு, ரோடு எல்லாம் ஒவ்வொண்ணா மங்கி கடைசியில ரன்வேயில எழுதுன 27ஐயே படிக்க முடியல.

64ல 22 கூட நெறையல. ஆனா டாஸ்க் மேனேஜர்ல ஜிபியுன்னு போயி "டெடிகேட்டட்"ங்கிறத பார்த்தா 8க்கு 7.8, பக்கத்துல "ஷேர்டு" ஏறிக்கிட்டே போகுது. கார்டு ஆர்டிஎக்ஸ் 4060, 8 ஜிபி விரேம். விரேம்னா அடுப்படி, கோட்டை அடுப்பு எத்தனையோ அத்தன அண்டாதான் ஏத்த முடியும், பந்திக்கட்டு எவ்ளோ பெருசா இருந்தாலும் அடுப்பு ஜாஸ்தியாகாது. நெறஞ்சா விண்டோஸ் ரேம்லேர்ந்து பாதி வரைக்கும் கார்டுக்கு இரவல் குடுக்கும், 64 இருக்கவும் 32 வரைக்கும் தாராளமா குடுக்குது, ஆனா 4060க்கு சொந்த மெமரி செகண்டுக்கு 272 ஜிபி வேகம், இரவல் மெமரி பிசிஐஇங்கிற போர்டுப் பாதை வழியா வரணும், அந்தக் கார்டுக்கு எட்டு லேன்தான், நல்லா போனா 16 ஜிபி. ஆத்துல வந்த தண்ணிய சொம்புல மோந்து ஊத்துற மாதிரி. அதனால எக்ஸ்பிளேன் என்ன பண்ணுதுன்னா, இடம் பத்தலன்னதும் டெக்ஸ்சர் தரத்த தானே கொறச்சுக்கும், விழாது, ஆனா மங்கும். அய்யா பார்த்த சோப்புத் தண்ணி அதுதான்.

எதுக்கு இவ்ளோ நெறையுது? அய்யாவோட பேரன் லீவுக்கு வந்தப்ப நம்ம சுத்துவட்டாரத்தையே ஆர்த்தோஃபோர்எக்ஸ்பிங்கிற புரோகிராம் போட்டு சேட்டிலைட் படமா மாத்திக் குடுத்துட்டுப் போயிருக்கான், சொந்த ஊரு தெளிவா தெரியட்டும்னு ஜூம் லெவல் 18ல (நம்பர் கூடக் கூட படம் தெளிவு). எக்ஸ்பிளேன் பூமிய ஒரு டிகிரிக்கு ஒரு டிகிரின்னு கட்டம் போட்டு வச்சிருக்கு. காரைக்குடி, புதுக்கோட்டை, திருச்சி ஏர்போர்ட் எல்லாம் 10-78 (அட்சரேகை 10, தீர்க்கரேகை 78) கட்டத்துக்குள்ள வந்துரும், மதுரை ஏர்போர்ட் கீழ 9-78 கட்டம். நான் ஒரு பேப்பர்ல கணக்குப் போட்டுக் காமிச்சேன். ஒரு படம் 4096க்கு 4096, சுருக்கி வச்சது சுமார் 11 எம்பி. ஜூம் 16ல ஒரு கட்டத்துக்கு சுமார் 130 படம், எல்லாத்தையும் முழுசா ஏத்துனாலும் ஒண்ணரை ஜிபிக்குள்ள. 17ல நாலு மடங்கு, 520 படம், ஆறு ஜிபிக்கு கொஞ்சம் கம்மி. 18ல திரும்ப நாலு மடங்கு, 2,100 படம், 23 ஜிபி. தூரத்துல உள்ளத சிமுலேட்டர் சின்னதாத்தான் ஏத்தும், முழு 23ம் ஒரே நேரத்துல வராதுங்கிறது உண்மை, ஆனா 8 ஜிபி கார்டுல இத வச்சுக்கிட்டு ஃபோர்கே டிவியில ஓட்டுனா வேற என்ன நடக்கும்? அய்யா பேப்பர வாங்கி ரெண்டு தடவ கூட்டிப் பார்த்துட்டு "கணக்கு சரிதான், பேரன்தான் தப்பு"ன்னாக.

கட்டம் எல்லாத்தையும் 16க்கு எறக்கி, திருச்சி ஏர்போர்ட்டச் சுத்தியும் தேவகோட்டையச் சுத்தியும் மட்டும் 17 வச்சு, டெக்ஸ்சர் செட்டிங்ல ஒரு படி கொறச்சதும் மங்கல் போச்சு. விரேம் ஆறே முக்கால்ல நிக்குது.

இன்னொரு வினையும் அந்தப் பெட்டியில இருந்துச்சு. 64ங்கிறது நாலு 16ஆ போட்டிருந்தாக, டிடிஆர்5. சிபியு ரைசன் 7000 சீரிஸ், அதுல ரெண்டு ஸ்டிக்குக்கு ஏஎம்டி சொல்ற வேகம் 5200, நாலு போட்டா 3600தான். 6000னு ஸ்டிக்கர் ஒட்டுன ரேம் 3600ல ஓடிக்கிட்டு இருக்கு. ரெண்ட கழட்டிட்டு எக்ஸ்போ (எக்ஸ்எம்பி மாதிரி ஏஎம்டியோடது) ஆன் பண்ணவும் 6000ல நின்னுச்சு, கம்ப்யூட்டர் திறக்குற வேகம் கூட மாறுன மாதிரி இருந்துச்சுன்னு அய்யா சொன்னாக, அது எந்த அளவுக்கு நெசம்னு நான் விவாதம் பண்ணல. அதாவது இங்க 64ஐ 32 ஆக்குனது பெட்டிக்கு நல்லதாப் போச்சு. நெசமாவே 64 வேணுங்கிறவங்க ரெண்டு 32ஆ வாங்குங்க, நாலு 16 வேணாம்.

யாருக்கு நெசமாவே வேணும்? மைக்ரோசாஃப்ட் 2024ல பெரிய விமானம், கம்ப்யூட்டரே ஓட்டுற மத்த விமானங்க (ஏஐ டிராஃபிக்) நெறைய, ஹெட்செட் மாட்டிக்கிட்டு விஆர், கூடவே ஓபிஎஸ்ல ஸ்ட்ரீம் பண்றவன், இல்ல சீனரி செஞ்சு விக்கிறவன். ஃபெனிக்ஸ் ஏ320 மாதிரி சில ஆடான்ங்க சிமுலேட்டருக்கு வெளிய தனி புரோகிராமா வேற ஓடும், அதுக்குத் தனிக் கணக்கு. இவுகளுக்கு 32 இறுக்கிப் பிடிக்கும். மத்தவங்களுக்கு 64க்குப் போற காச கார்டுக்குக் குடுக்கலாம், 8 ஜிபி கார்டுலேர்ந்து 12, 16 ஜிபி கார்டுக்குப் போறது கண்ணுக்குத் தெரியும், இல்ல ஏஎம்டியோட எக்ஸ்3டி சிபியுவுக்கு, 5800எக்ஸ்3டியில 96 எம்பி எல்3 கேஷ், அதாவது சிபியுக்குள்ளயே ஒரு வேகமான மெமரி, இருக்கு, ரேம் வரைக்கும் ஓடிப் போக வேண்டிய அவசியத்தையே கொறைக்குது, சிமுலேட்டருக்கு அது குடுக்குற பலன் எந்த ரேமும் குடுக்காது.

2024க்கு இன்னொண்ணு. அது டிஸ்க்க ரொம்ப கேக்காது, 2020 கேட்ட 150 ஜிபி எங்க, இது கேக்குற 50 எங்க, ஆனா மிச்சத்தையெல்லாம் நெட்லேர்ந்து இழுக்குது, சிபாரிசு 50 எம்பிபிஎஸ். சாயந்தரம் தெருவே வீடியோ பார்க்குற நேரத்துல கீழ நெலம் மங்கலா வருதுன்னா ரேம சந்தேகப்படுறதுக்கு முன்னாடி நெட்ட பாருங்க. கரண்டு போயி வர்ற வீட்டுல ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்து யுபிஎஸ் போடுங்க, பெட்டி மட்டும் உசுரோட இருந்து புண்ணியம் இல்ல.

விலை விசயம் வேற இப்ப எல்லா கணக்கையும் கொழப்பிருச்சு. முன்னயெல்லாம் எவன் கேட்டாலும் கண்ண மூடிக்கிட்டு 32 வாங்குடான்னுருவேன், வித்தியாசம் பெருசா இருக்காது. 2025 கடைசியில ஏஐ டேட்டா சென்டர்க்காரங்க மெமரிய அள்ளிக்கிட்டுப் போகப் போக ரேம் விலை எங்கயோ போயிருச்சு, கிருஷியல் பேர்ல ரேம் வித்த மைக்ரான் அந்தச் சில்லறை வியாபாரத்தையே விட்டுர்றோம்னு டிசம்பர்ல சொல்லிட்டாங்க. அதனால இப்ப நான் சொல்றது: ஏற்கனவே ரெண்டு 8 இருந்து, நீங்க ஓட்டுறது 2020 இல்ல எக்ஸ்பிளேன், சின்ன விமானம், கிராமத்துப் பக்கம்னா, பேஜ்ஃபைல ஆன் பண்ணி குரோம மூடிட்டு அப்படியே இருங்க. ஒத்த 16 இருந்தா அதே மாதிரி இன்னொரு 16 தேடுங்க, இதுக்குப் போடுற காசுதான் இருக்கதுலயே நல்லா வேலை செய்யுற காசு, அளவும் கூடும் சேனலும் ரெட்டிப்பாகும். 2024 வாங்கப் போறீங்க, ஏர்லைனர் ஓட்டப் போறீங்கன்னா 32க்கு கீழ எறங்காதீங்க. புதுசா பெட்டியே கட்டுறீங்கன்னா மொதல்ல கார்டு, சிபியு, அப்பறம் ரெண்டு 16, ரெண்டு ஸ்லாட் காலியா விடுங்க. லேப்டாப்புன்னா வாங்குறதுக்கு முன்னாடி ரேம் போர்டோட சோல்டர் பண்ணிருக்கான்னு கேளுங்க, சில கடையில கேட்டா முழிப்பாக, மாடல் நம்பர வச்சு நீங்களே பார்த்துக்கங்க.

செகண்ட் ஹேண்ட் டிடிஆர்4 பயப்படாம வாங்கலாம், ரேம் சீக்கிரம் கெட்டுப் போற பொருள் இல்ல. ரிச்சி ஸ்ட்ரீட்ல இன்னும் கெடைக்குது, மெட்ராஸ் போற ஆளுகிட்ட சொல்லி விட்டா போதும். வந்ததும் ரேம சோதிக்கிற மெம்டெஸ்ட்86 பென்டிரைவ்ல போட்டு ராத்திரி பூரா ஓட விடுங்க, ஒரு சிவப்பு வரி வந்தாலும் திருப்பிக் குடுத்துருங்க.

பையனுக்கு அப்படித்தான் ஒரு 16 வந்து சேர்ந்துச்சு, அக்கா பாதி நான் பாதி. அதுக்கு முன்னாடி ஒரு நாள் தேவகோட்டைக்கு என்கூட வந்திருந்தான், அய்யா பெட்டியிலேர்ந்து கழட்டுன ரெண்டு ஸ்டிக்கும் வெத்தலப் பெட்டி பக்கத்துல ஒரு பித்தளைத் தட்டுல கெடந்துச்சு, அதையே பார்த்துக்கிட்டு இருந்தான். அய்யாவும் கவனிச்சுட்டு "எடுத்துக்கடா, எனக்கு எதுக்கு"ன்னாக. அவன் கைய நீட்டுறதுக்குள்ள நான் சொல்லிட்டேன், அது டிடிஆர்5, உன் போர்டு டிடிஆர்4, நடுவுல உள்ள வெட்டே எடம் மாறியிருக்கும், அமுக்குனா ஸ்லாட்டுதான் ஒடையும். ரெண்டு பேரும் என்னைய ஒரு மாதிரியா பார்த்தாக. இன்னமும் அது அந்தத் தட்டுலயேதான் கெடக்கு.